விழுந்தால்தான் விலையா?

“விழமாட்டானா, விழமாட்டானா என்று வேலியோரம் தவங்கிடக்கும் கூட்டம்!”

மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் படம் பிடிக்கும் புகைப்படக்காரர்களுக்கு மேதாவிகள் சிலர் சூட்டியிருக்கும் பட்டம் இது. கழுகு என்கிறார்கள். கல்நெஞ்சர் என்கிறார்கள். அடுத்தவன் எலும்பு முறிந்தால்தான் இவர்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்கிறார்கள். சொல்லுகிறவர்கள் யார்? காலையில் ஏட்டைப் பிரித்ததும் விபத்துப் படம் எந்தப் பக்கத்தில் என்று தேடுகிறவர்கள்! வாங்குகிற கைக்கு வளையல், விற்கிற கைக்கு விலங்கா? இந்த வழக்கைக் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும்.

விசாரணைக்கு உரிய இடம் மான் தீவு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் கிடக்கும் சிறு நிலம். அதற்கென்று தனிச் சட்டமன்றம் உண்டு; டின்வால்ட் என்று பெயர். பிரிட்டனிலே மணிக்கு 20 மைலுக்கு மேல் வண்டி ஓடக்கூடாது, பொதுச்சாலையில் பந்தயம் கூடாது என்று தடை இருந்த காலத்தில், “எங்கள் சாலையை நாங்கள் மூடிக்கொள்கிறோம்” என்று சட்டம் செய்துகொண்டது அந்தச் சின்னஞ்சிறு மன்றம். (பெரிய மன்றம் மறுத்ததைச் சிறிய மன்றம் செய்து காட்டிய கதை சுவையானது, இன்னொரு நாள் பேசுவோம்.) அங்கே 1907-ல் பிறந்தது டூரிஸ்ட் டிராபி எனும் டி.டி. பந்தயம். 1911-ல் மலைச்சாலைக்கு ஏறியது.

ஒரு சுற்று 37.73 மைல். பந்தயத்துக்கென்று பரப்பிவைத்த மைதானமல்ல அது. மற்ற நாட்களில் பால் வண்டி போகிற பாதை, பள்ளிப் பிள்ளைகள் கடக்கிற தெரு. இருபுறமும் கற்சுவர், வேலி, வீட்டு வாசல், விளக்குக் கம்பம். அந்தத் தெருவிலே 2023-ல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். மணிக்கு 136.358 மைல். உச்ச வேகமா? இல்லை தோழரே, சராசரி! கொண்டையூசி வளைவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி!

இனி வேலியோரம் வாருங்கள். சாலையை மூடியபின் குறுக்கே கடக்க முடியாது. காலையில் எந்த இடத்தைத் தேர்ந்தாரோ அந்த இடத்தோடு புகைப்படக்காரரின் அன்றைய பிழைப்பு பெரும்பாலும் முடிந்தது. பாலாப் பாலம் என்றால், இரு சக்கரமும் தரையை விட்டெழும் காட்சி. கிரெக்-னி-பா என்றால், மலையிலிருந்து இறங்கிவரும் சாலையைப் பின்னணியாக்கி வளைவில் சாயும் வீரன். பிரே ஹில் என்றால், வீடுகளுக்கு நடுவே பள்ளத்தில் பாய்ந்து, அடிவயிறு தரையை முத்தமிட எழும் வண்டி. மூன்றுக்கும் ஆசைப்பட்டால் மூன்று நாள் வேண்டும். வீரர்களும் கூட்டமாகப் புறப்படுவதில்லை. 10 விநாடிக்கு ஒருவராக விடுகிறார்கள். ஆகவே குறிப்பிட்ட ஒரு வீரன் கண்ணில் படுவது சுற்றுக்கு ஒரே தடவை. ஆறு சுற்றுப் பந்தயத்தில் ஆறே தடவை. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஏறக்குறைய 17 நிமிடம். மலையில் மூடுபனி இறங்கி, மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாமற் போனால் பந்தயமே தள்ளிப்போகும். அப்போதும் அவர் வேலியோரம் நிற்பார், நனைந்தபடி. மார்ஷல் நகரச் சொன்னால் நகர வேண்டும். தடைசெய்த இடத்தில் கால் வைக்கக் கூடாது.

கழுகு இத்தனை கட்டுப்பாட்டுக்கு அடங்குமா? அது கிடக்கட்டும், அவர் போடும் கணக்கையாவது கேளுங்கள்.

மணிக்கு 180 மைல் என்றால் விநாடிக்கு 80 மீட்டர். காமிராவின் கண்ணிமையான ஷட்டர், ஒரு விநாடியை இரண்டாயிரமாகக் கூறிட்டு அதில் ஒரு கூறு மட்டும் திறந்து மூடினால், வண்டி நகர்ந்திருப்பது 4 சென்டிமீட்டர். படம் பளிச்சென்று விழும். சக்கரத்தின் ஆரக்காலை எண்ணிவிடலாம். ஆனால் என்ன பயன்? 180 மைலில் பறந்தவன், தெருமுனையில் வண்டியை நிறுத்தி நண்பனுக்காகக் காத்திருப்பவன் போலத் தெரிவான்! உருவம் நூற்றுக்கு நூறு; உண்மை நூற்றுக்குச் சுழி. ஆகையால் கைதேர்ந்தவர் ஷட்டரை மெதுவாக்குகிறார், 60-ல் ஒரு பங்கு விநாடிக்கு. அதற்குள் வண்டி ஒரு மீட்டருக்கு மேல் ஓடிவிடுமே! ஓடட்டும்; அவரும் கூடவே திரும்புகிறார். காலை ஊன்றி, இடுப்பை அச்சாக்கி, வண்டி எதிரே வருவதற்கு முன்பே சுழலத் தொடங்கி, விசையை அழுத்திய பிறகும் நிறுத்தாமல் சுழன்று முடிக்கிறார். இரண்டு வேகமும் ஒத்துப்போனால் தலைக்கவசம் தெளிவாக நிற்கும், வேலியும் சுவரும் கோடு கோடாய்க் கரையும். ஒத்துப்போகாவிட்டால் எல்லாமே கூழ். பெரும்பாலும் கூழ்தான்.

பிரான்சு நாட்டு ஜாக் ஆன்ரி லார்த்தீக், இருபது வயது நிரம்புமுன் எடுத்த ஒரு மோட்டார் கார் பந்தயப் படம் உண்டு. 1912 என்று நெடுநாள் சொல்லப்பட்டது, 1913 என்று இப்போது கருதப்படுகிறது. அதிலே சக்கரம் முட்டையாகி முன்னே சாய்கிறது. சாலையோர மக்கள் பின்னே சாய்கிறார்கள். காமிராவின் திரை நகர்ந்து முடிவதற்குள் கார் ஓடிவிட்டதால் வந்த கோணல்! இயந்திரக் கணக்கில் அது பிழை. ஆனால் வேகம் என்ற ஒன்றை அதைப்போலச் சொன்ன படங்கள் சிலவே என்பேன்.

சரி, சாவைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறேன் என்பீர்கள். பேசுவோம். அந்த மலைச்சாலையில் 1911 முதல் 260-க்கு மேற்பட்டோர் மாண்டிருக்கிறார்கள். அந்த முதல் ஆண்டிலேயே, பயிற்சி ஓட்டத்தில் விக்டர் சரிட்ஜ் உயிரிழந்தார். மரணம் அங்கே விருந்தாளியல்ல, வீட்டுக்காரன். 1972-ல் ஜில்பெர்ட்டோ பார்லொட்டி இறந்தபின், மாவீரர் ஜக்கோமோ அகோஸ்தினி இனி இந்தத் தீவில் பந்தயம் ஓட்டமாட்டேன் என்று விலகினார். 1976-க்குப் பிறகு உலக வாகையர் போட்டிகளின் வரிசையிலிருந்தே அந்தப் பந்தயம் நீங்கியது. என் கருத்தைக் கேட்டால், நான் அகோஸ்தினி பக்கம். ஆனால் பந்தயம் நடத்துவோர் மீது தொடுக்க வேண்டிய வழக்கை, அதைப் பார்த்துப் பதிவு செய்பவர் தலையில் கட்டாதீர்கள்!

விழுந்தவன் படத்தை விற்று வயிறு வளர்ப்போரே இல்லையா? இருக்கிறார்கள். ஏன் இருக்கிறார்கள்? ஆறு சுற்றும் அழகாக ஓட்டியவன் படத்துக்கு ஏட்டின் மூலையில் இரண்டு அங்குலம். உருண்டவன் படத்துக்கு முதல் பக்கத்தில் மூன்று பத்தி! சந்தையில் எது விலை போகிறதோ அதுதான் வண்டியேறி வரும். அந்த விலையை வைத்தது வேலியோரத்தில் நின்றவரல்ல; நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அவருக்குக் காசு கொடுக்கும் நாம்.

அந்த அவசரம் என்ன செய்யும் என்பதற்கு 2022-ஐப் பாருங்கள். ஜூன் 4-ந் தேதி, அகோஸ்தினி பெயரால் வழங்கும் அந்த மேட்டிலே சைடுகார் ஒன்று விபத்துக்குள்ளானது. ஓட்டுநர் செசார் ஷனால், துணைவர் ஒலிவியே லாவொரெல், இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். ஷனால் இறந்தார், லாவொரெல் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று பந்தயம் நடத்துவோரே அறிவித்தார்கள். நான்கு நாள் கழித்து, ஜூன் 8-ந் தேதி மாற்றிச் சொன்னார்கள்: இறந்தவர் லாவொரெல், மருத்துவமனையில் கிடப்பவர் ஷனால்! நான்கு நாள், தோழரே! ஒரு வீட்டில், மூச்சு இருப்பவருக்கு ஒப்பாரி. மறு வீட்டில், மூச்சு நின்றவருக்காக நம்பிக்கை. சில மாதங்களில் ஷனாலும் மறைந்தார். அதிகாரிகளுக்கு, மருத்துவர்களுக்கு அருகிலிருந்தும் ஆள் மாறிப்போயிற்று என்றால், விபத்து நடந்த அரை நிமிடத்தில் கைபேசியிலிருந்து படத்தைப் பறக்கவிடும் பார்வையாளர் எதைக் கண்டார்?

அடையாள அங்கி அணிந்த புகைப்படக்காரருக்கு விதியுண்டு. மீறினால் அனுமதிச் சீட்டு போய்விடும் என்ற அச்சமுண்டு. சுவரேறி உட்கார்ந்திருக்கும் கைபேசிக்கு என்ன உண்டு? எனவே கேட்கிறேன்: விழுந்தவர் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரும்வரை அந்தப் படத்தை எந்த ஏடும் வாங்கக் கூடாது, யார் எடுத்ததானாலும் சரி. ஓடுகிற வீரனின் படத்துக்கு, விழுகிற வீரனின் படத்துக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுக்க வேண்டும். படத்தின் கீழே எடுத்தவர் பெயரையும் போட வேண்டும். ஆறு தடவைக்காக நாளெல்லாம் நனைந்தவருக்கு ஒரு வரி அச்செழுத்து கூடவா பஞ்சம்? தலைநகர் டக்ளசில் தொழில் நடத்திய கீக் குடும்பத்தார், 1911 முதல் 1939 வரை எடுத்த படங்கள் தொகுப்பு நூல்களாக வந்திருக்கின்றன. அந்த வீரர்களில் பலர் நமக்கு வெறும் பெயராகப் போய்விடாமல் முகத்தோடு நிற்பது, அவற்றாலும்தான்.

மே மாதக் கடைசியில் மீண்டும் அந்தச் சாலைகளை மூடுவார்கள். பாலாப் பாலத்தருகே ஒருவர் காலை ஊன்றி நிற்பார். மாலையில் அவரைத் தொலைபேசியில் அழைக்கப் போகும் ஏட்டாசிரியரே, உமது முதல் கேள்வி என்ன? “யார் விழுந்தது?” என்பதுதானா?