மண்ணைக் கேட்டோமா?

கலூரில் என் அறைக்கு எதிரே சென்ற மாதம் சாலையைத் தோண்டினார்கள். தோண்டுமுன் தள்ளுவண்டி போன்ற கருவியொன்றைத் தெருவில் உருட்டிச் சென்றார்கள். நிலத்துக்குள் ரேடியோ அலைகளை அனுப்பி, மீண்டு வரும் எதிரொலியால் குழாய் எங்கே, கம்பி எங்கே என்று காட்டும் ராடார் அது. "குழாயைக் காட்டுவது கண்ணிவெடியைக் காட்டாதா?" என்றார் அறைத் தோழர்.

காட்டும். ஆனால், எந்த மண்ணில்?

முகமாலையை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே நெடுங்காலம் போர்முனையாகக் கிடந்த ஊர். 2009-இல் போர் முடிந்தது. மண்ணுக்குள் புதைந்த போர் முடியவில்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017-இல்தான் சேர்ந்தது. அங்கே மிதிவெடி அகற்றும் பணியில் பெண்கள் பலர். மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகிறார்கள். பிளாஸ்டிக் உறையுள்ள வெடியில் உலோகம் மிகக் குறைவு. மரப்பெட்டியில் செய்த வெடிகளும் உண்டு. அவற்றைத் தவறவிடாதபடி கூர்மையாக வைத்த உலோகங்காட்டியோ, துருப்பிடித்த ஆணிக்கும் குண்டுச் சிதறலுக்கும் கூட ஒலிக்கிறது. ஒவ்வோர் ஒலிக்கும் உயிரைக் கையில் பிடித்துத் தோண்ட வேண்டும்!

இங்கேதான் ராடார் துணையாகிறது. உலோகத்தை மட்டுமன்றி, சுற்றியுள்ள மண்ணினின்று வேறுபடும் எப்பொருளையும் அது உணரும். இரண்டையும் இணைத்த கைக்கருவி கம்போடியாவில் களத்திலேயே பயன்பட்டது. ஆணியை ஆணியென்று அறிந்து ஒதுக்கினால், வீண் தோண்டல் குறையும்.

ஆயினும் ராடாருக்குப் பகை உண்டு: ஈரமும் உப்பும் களிமண்ணும். அவை அலைகளை விழுங்கிவிடும். கல்லும் வேரும் பொய்க்குரல் கொடுக்கும். உலர்மணல் தொட்டியில் சோதித்து, "வென்றோம்" என்று எழுதும் நாம் இதை எண்ணினோமா? தெருவில் ஒரு குழாய் தவறினால் தண்ணீர் வீணாகும்; வயலில் ஒரு வெடி தவறினால் ஒரு குழந்தையின் கால் போகும்.

பொறியியல் பயிலும் தோழர்களே! நமக்கு வாய்த்த ஆய்வுக்களம் வாசலிலேயே இருக்கிறது. காயலோரத்து உப்பு மண்ணும், ஆனி மழையில் ஊறிய சேறும் கொச்சியில் குறைவா? வெடிமருந்தில்லாப் போலிப் பெட்டிகளைப் புதையுங்கள். அடைமழையில் தேடுங்கள். தோற்ற இடங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு, அக்கருவியை வெயிலில் நாள் முழுதும் தாங்கப்போகும் அந்தப் பெண்களின் கருத்தைக் கேளுங்கள்.

பட்டத்துக்காக ஒரு கருவி செய்வது எளிது. நம்பிக் கால் வைக்க ஒரு கருவி செய்வதே கல்வி.