பாழுங் கட்டடமும் பொதுச் சித்திரசாலையும்

கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். 1758ல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்து இடித்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது இடிபாடுதான். அதைத் திரும்பக் கட்டும்படி நாம் சொல்லவில்லை. சுவரும் கூரையும் இன்னும் நிற்கும் பழைய கட்டடங்களையும் அந்தக் கதிக்கு விடலாமா என்றே கேட்கின்றோம்.

கொச்சிக்காரர் விடவில்லை. மிளகும் இஞ்சியும் ஏற்றுமதி செய்த ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கட்டடம் 2012 டிசம்பர் 12ந் தேதி பெரியதோர் கலைக் காட்சிக்குத் திறக்கப்பட்டது. பெப்பர் ஹவுஸ் என்னும் பழைய கிட்டங்கியிலோ, சித்திரக்காரர் தங்கி வேலை செய்யவும் ஜனங்கள் வந்து பார்க்கவும் இடம் ஏற்பட்டது.

நம் தஞ்சாவூரிலும் அரண்மனைக்குள் 1951ல் கலைக்கூடம் ஏற்பட்டது. அங்குள்ள சோழர் காலச் செப்புச் சிலைகளுக்குப் பட்டுமில்லை, மாலையுமில்லை. ஆதலால் வார்த்தவனின் கைத்திறன் கண்ணுக்குத் தெரிகின்றது. கோயிலிலோ எட்ட நின்று, கற்பூர வெளிச்சத்தில், கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி.

சிதம்பரத்திற்குள் நுழைய நந்தன் தீயில் இறங்கினான் என்று புராணமே சொல்லுகின்றது. அதே கோயில் கோபுரங்களில் 108 கரணங்களைச் செதுக்கினது தெய்வமல்ல. உளி பிடித்த மனிதன். உழைத்தவனை வெளியே நிறுத்திவிட்டு, அவன் உழைப்பை உள்ளே வைத்துக் கும்பிடுவதுதான் கலைக்குச் செய்யும் மரியாதையா?

சோற்றுக்கு வழியில்லாதபோது சித்திரம் எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். கும்பாபிஷேகத்திற்கு வசூல் நடக்கும்போது இந்தக் கேள்வி இவர்களுக்கு ஏன் தோன்றுவதில்லை? மேலும், சித்திரக்காரனுக்கும் குயவனுக்கும் அது சோற்றுக்கு வழியேயன்றி வேறென்ன?

ஆகவே, கடலூர், சிதம்பரம் தோழர்கள் தங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களைக் கணக்கெடுத்து, மாநகராட்சியாரையும் நகராட்சியாரையும் கேட்க வேண்டும். முதலில் கூரை ஒழுகாமல் செய்தால் போதும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிர்ந்துவிடும். அறைகளைச் சித்திரக்காரர், தச்சர், குயவர், சிற்பிகள் ஆகியோருக்குக் குறைந்த வாடகைக்கு விடவேண்டும். பெண்களுக்குச் சம பங்கு வேண்டும். காட்சிக்கூடத்திற்குக் கட்டணம் கூடாது. கூலிக்காரனுக்கு ஓய்வுள்ள ஞாயிற்றுக்கிழமை அது கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

வாசலில் எவனும் எவனையும் "நீ யார்?" என்று கேட்கக் கூடாது. அப்படி ஓர் இடம் ஊருக்கு ஒன்று ஏற்படுமானால், அது நூறு மேடைப் பிரசங்கங்களுக்குச் சமானமாகும்.