சுத்தமும் சுவாசமும்

சுத்தம் சுகம் தரும் என்று எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பாடசாலைச் சுவர்களிலும் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் சுத்தம் செய்வதற்கென்று எமது கையில் தரப்படும் பொருட்களில் இரண்டு ஒன்று சேர்ந்தால், அதுவே உயிரைக் குடிக்கும் நஞ்சாக மாறலாம் என்பதை எமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இருந்த மண்ணை விட்டு எழும்ப வேண்டி வந்த குடும்பங்கள் ஊவாவில் பல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தது 2016இல்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மீண்டும் பல குடும்பங்களைத் தற்காலிக இடங்களுக்குத் தள்ளின. இத்தகைய இடங்களில் ஒரு மலசலகூடத்தைப் பல குடும்பங்கள் பாவிக்கின்றன. சன்னல் சிறியது, தண்ணீர் குறைவு, நாற்றமோ அதிகம். நிவாரணப் பொதிகளில் பிளீச்சிங் பவுடரும் வருவதுண்டு, மலசலகூடம் கழுவும் திரவமும் வருவதுண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் நன்றாகச் சுத்தமாகும் என்று ஒரு தாய் நினைத்தால் அதில் வியப்பென்ன? தோட்டத்து மக்கள் அழுக்கானவர்கள் என்ற பேச்சைக் காலமெல்லாம் கேட்டு வந்த அவள், தன் குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்று இன்னும் ஒரு கைப்பிடி கூட்டியே போடுவாள்.

அங்கே நடப்பது என்ன? பிளீச்சிங் பவுடரிலும் துணி வெளுக்கும் திரவத்திலும் குளோரின் அடங்கியிருக்கிறது. மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. அமிலம் பட்டதும் குளோரின் வாயுவாகப் பிரிந்து கிளம்புகிறது. வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும்கூட அமிலமே. இனி, அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும், தேங்கிக் கிடக்கும் சிறுநீரோடும் பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்னும் வேறொரு நச்சு வாயு பிறக்கிறது. குளோரின் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. ஆகவே அது தரையோடு தரையாகத் தங்கும். குந்தியிருந்து கழுவுபவரின் முகமும், தாயின் சேலையைப் பிடித்து நிற்கும் குழந்தையின் முகமும் இருப்பது அந்த உயரத்தில்தான். கண்ணும் தொண்டையும் எரியும், இருமல் வரும், நெஞ்சு இறுகும். சில வேளைகளில் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தே தெரியவரும். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்வதற்கென்று திறந்துவிடப்பட்டதும் இதே வாயுதான்.

இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் மட்டுமே ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2019 நவம்பரில் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் உள்ள ஓர் உணவகத்தில், தரையில் ஏற்கனவே கிடந்த அமிலத் திரவத்தின் மேல் வேறொரு ஊழியர் பிளீச்சை ஊற்றினார். அதை வழித்து வெளியேற்ற முயன்ற முகாமையாளர் உயிரிழந்தார். இன்னும் பலர் வைத்தியசாலைக்குப் போனார்கள். பொது மலசலகூடத்தில் காலையில் ஒரு குடும்பம் திரவத்தை ஊற்றிவிட்டுப் போக, மத்தியானம் இன்னொரு குடும்பம் பவுடரைத் தூவினால் அங்கும் இதுவே நடக்கும்.

வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்த எமது மக்களுக்கு, மருந்தடிக்கும்போது இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டாங்கியில் கலப்பது பழகிப்போன காரியம். கலந்தால் வேகம் கூடும் என்ற எண்ணம் வயலில் இருந்து வீட்டுக்குள்ளும் வருகிறது. ஆனால் பூச்சிமருந்துக்காவது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அந்தப் போத்தலில் தமிழையும் காண்கிறோம். மலசலகூடம் கழுவும் போத்தலில்? நாம் எடுத்துப் பார்த்த பலவற்றில் பெயர் பெரிதாக இருக்கிறது, வாசனைப் பூவின் படம் இருக்கிறது. எச்சரிக்கையோ பொடி எழுத்தில், எமது தாய்மார் வாசிக்காத மொழியில் இருக்கிறது. பழைய சோடாப் போத்தலில் ஊற்றி விற்பதில் அதுவும் இல்லை. 1987இல் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. உயிர் காக்கும் ஒரு வரிக்குக்கூட அது பயன்படாவிட்டால் யாருக்கு என்ன நன்மை?

ஜப்பானிலும் 1987இல் டொக்குஷிமாவில் ஒரு குடும்பப் பெண் வீட்டைச் சுத்தம் செய்யும்போது இவ்விதமே இறந்தார். அவருக்கு அறிவில்லை என்று அந்த நாடு சொல்லிவிட்டு இருக்கவில்லை. கலக்காதே, ஆபத்து என்று இவ்வகைப் போத்தல்களின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட வைத்தது. நாமும் கேட்க வேண்டியது அதைத்தான். நுகர்வோர் அதிகாரசபை இந்த எச்சரிக்கையை மூன்று மொழியிலும் கட்டாயமாக்கட்டும். நிவாரணம் கொடுக்கும் எந்த நிறுவனமும், எமது திருச்சபையின் அமைப்புகள் உட்பட, அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே பொதியில் வைத்து வாய் திறவாமல் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. ஏழையின் கையில் பொருளைக் கொடுத்து அறிவைக் கொடுக்காமல் விடுவது அரைகுறைத் தர்மம்.

அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. மாதர் சங்கங்கள் இன்றே சில காரியங்களைச் செய்யலாம். ஒரு மலசலகூடத்துக்கு ஒரே வகை மருந்து என்று முடிவெடுத்து, அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பிளீச்சிங் பவுடரை வெறும் பச்சைத் தண்ணீரில் மட்டும் கரையுங்கள். அதைப் போடுமுன் தரையைத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவுங்கள். யூரியாப் பை இருக்கும் மூலையில் அதை வைக்காதீர்கள். அவை இரண்டும் கலந்தால் வெடிக்கவும் கூடும். கழுவும்போது கதவு திறந்திருக்கட்டும், பிள்ளைகள் தூரத்தில் நிற்கட்டும்.

மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அனைத்தையும் போட்டுவிட்டு, காற்று வரும் பக்கமாக மேட்டுக்குப் போங்கள். கண்ணைச் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் தனியாகப் பாயாமல், கதவைத் திறந்து காற்றை விட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். 1990 அம்புலன்சுக்கு அறிவியுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டில் படுத்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காணியை இழந்தோம், வீட்டை இழந்தோம். எஞ்சியிருப்பது எமது மூச்சு. மனிதனைப் படைத்தபோது இறைவன் தாமே ஊதிக் கொடுத்த கொடை அது. அதைக் காப்பதும் இறைபணியே.