மிஸ்ஸிமாரின் நன்னடத்தை

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் இரவில் வலியெடுத்தால் நோயாளி முதலில் கூப்பிடுவது டொக்டரையல்ல, ‘மிஸ்ஸி’யைத்தான். அந்த மிஸ்ஸியை உருவாக்கும் தாதியர் கல்லூரிகளில் நன்னடத்தை என்பதற்கு நாம் கொள்ளும் பொருள் என்ன?

1860 இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் நிறுவிய பயிற்சிப் பாடசாலையில் ஒவ்வொரு மாணவிக்கும் மாதாந்தப் பதிவேடு இருந்தது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் ஆகியன ஒருபுறம், காயங்கட்டுதல், அட்டை விடுதல் (அக்கால வைத்தியம்!) முதலான தொழிற்றிறன்கள் மறுபுறம். நல்ல ஏற்பாடுதான். எனக்கு உறுத்துவது அந்த ‘அமைதி’ என்ற சொல். நமது ஊர்களில், அதுவும் பெண்பிள்ளைக்கு, அமைதி என்றால் வாய்திறவாமை என்றே பொருள்.

மருந்தின் அளவு பிழையெனக் கண்ட இரண்டாம் வருட மாணவி அதனைச் சிரேஷ்ட தாதியிடம் சொன்னால் அது ஒழுக்கமீறலா? பேசாமல் நின்றால் புள்ளி அவளுக்கு, ஆபத்து நோயாளிக்கு. பகிடிவதைக்கெதிராக 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் கல்வி நிலையங்களில் அது ஒழியாமைக்கும் இந்த வாய்மூடலே பெருங்காரணம் என்பேன்.

நன்னடத்தைப் பதிவேட்டில் ‘பிழையைச் சுட்டிக்காட்டினார்’ என்றொரு நிரலும் சேர்க்கப்படட்டும். அதில் அதிக புள்ளி வாங்கியவரிடமே நான் ஊசி போட்டுக்கொள்வேன்.