ஒரு கட்டளையின் வீச்சு

மக்கள் அனைவரும் சார்ந்து நிற்கும் ஓர் அமைப்பை ஆளும் அதிகாரம் எவ்வளவு சிறிய இடத்தில் குவிகிறதோ, அவ்வளவு கடுமையான காவல் அதற்கு வேண்டும். அணைக்கட்டுக்கும் அணுமின் நிலையத்துக்கும் தயக்கமின்றிப் பொருத்தும் இந்நெறியை, கோடிக்கணக்கான கைப்பேசிகளைத் தாங்கி நிற்கும் வலையமைப்புக்கு உலக அரசுகள் இன்னும் முழுமையாகப் பொருத்தவில்லை.

முன்பு ஒவ்வொரு திசைவியும் தன்னிடம் வந்த தரவை எவ்வழியே அனுப்புவதெனத் தானே முடிவு செய்தது. 2008-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோனும் பிற ஆய்வாளர்களும் முன்வைத்த ‘ஓப்பன்ஃப்ளோ’ முறை, அம்முடிவைக் கருவிகளிடமிருந்து பிரித்து நிரலொன்றிடம் ஒப்படைக்க வழி திறந்தது. இன்று ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவையின் மையப் பகுதி பெரிதும் மென்பொருளாகவே இயங்குகிறது. நெரிசல் மிகுந்த பகுதிக்கு நொடியில் திறன் கூட்டவும், கருவியை மாற்றாமலே புதிய சேவை புகுத்தவும் இதனால் இயல்கிறது. இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும், ஓரிடத்தில் இடப்படும் கட்டளை நாடு முழுவதும் நிறைவேறுமெனில், அங்கு நேரும் பிழையும் நாடு முழுவதும் நிறைவேறும் என்பதை மறப்பதற்கில்லை.

கனடா இதனை 2022 ஜூலை 8-ஆம் நாள் கண்டது. ரோஜர்ஸ் நிறுவனம் தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாக மேம்படுத்தி வந்தது. ஆறாம் கட்டத்தில், விடியற்காலையில், திசைவி ஒன்றின் அமைப்பிலிருந்து வடிகட்டும் விதியொன்று நீக்கப்பட்டது. மதகு பெயர்ந்த ஏரியின் நீர்போல வழித்தகவல்கள் மையத் திசைவிகளுக்குள் பாய, அவை தாங்கமாட்டாமல் செயலிழந்தன. கைப்பேசிச் சேவைக்கும் வீட்டு இணையத்துக்கும் ஒரே மையமே பொதுவாக இருந்தமையால் இரண்டும் ஒருசேர வீழ்ந்தன. 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தனர். ‘இன்டராக்’ பணப் பரிமாற்றம் நாடெங்கும் முடங்கியது. தடங்கல் ஏறத்தாழ 26 மணி நேரம் நீடித்தது.

இது புதுமுறை நிரலாட்சியின் பிழையன்று. வழக்கமான பராமரிப்பில் நேர்ந்த பிழை. ஒரு திசைவியில் செய்த திருத்தமே இவ்வளவு தூரம் பரவுமெனில், எல்லாத் திசைவிகளையும் ஒருங்கே ஆளும் நிரலுக்கு எத்தகைய காவல் வேண்டும் என்பதே நம் கவலை.

கனடிய ஒழுங்குமுறை ஆணையத்தின் பொருட்டு நடந்த ஆய்வு வெளிப்படுத்திய செய்திகளுள் இரண்டு மிகவும் வேதனை தருவன. தொடக்கத்தில் ‘மிகுந்த இடருடையது’ என மதிப்பிடப்பட்ட பணி, முந்தைய கட்டங்கள் இடையூறின்றி முடிந்த காரணத்தாலேயே, ஆறாம் கட்டத்தில் ‘குறைந்த இடருடையது’ எனக் கணிப்பு முறையால் தரம் இறக்கப்பட்டது. வீழ்ந்த வலையமைப்பைச் சீர்செய்ய வேண்டிய பொறியாளர்களோ, அதனை அணுகுவதற்கு அதே வலையமைப்பையே நம்பியிருந்தனர். தம்முள் பேசிக்கொள்ளவும் பிற நிறுவனங்களின் சிம் அட்டைகளைத் தேட வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் பராமரிப்புக் கட்டளையொன்றால் தன்னைத்தானே இணையத்திலிருந்து துண்டித்துக்கொண்டபோதும் பொறியாளர்கள் இவ்வாறே வெளியே நின்றனர். அந்த முன்னிகழ்வு கண்முன் இருந்தும் ஒன்பது மாதங்களில் அதே நிலை நேர்ந்ததைத் தற்செயல் எனக் கடந்துபோக இயலாது.

எல்லாவற்றினும் கொடியது அவசர அழைப்பின் நிலை. மையம் மடிந்தபின்னும் கோபுரங்கள் அலையை அனுப்பிக்கொண்டிருந்தன. தம் கோபுரம் உயிரோடிருப்பதாகவே கொண்ட கைப்பேசிகள் பல, வேறு நிறுவனத்தின் கோபுரத்தை நாடவில்லை. திரையில் சமிக்ஞை தெரிய, 911-க்கு விடுத்த அழைப்பு எங்கும் சேராமல் போனது. பணம் செலுத்த இயலாதவர் மறுநாள் செலுத்தலாம். மூச்சுத் திணறுபவரின் அருகில் நின்று அழைப்பவருக்கு மறுநாள் என்பது இல்லை.

கனடிய அரசு வற்புறுத்திய பின்னரே, பேரிடர்க் காலத்தில் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் உடன்பாட்டில் நிறுவனங்கள் அவ்வாண்டு செப்டம்பரில் கையொப்பமிட்டன. கைப்பேசி மையத்தையும் இணைய மையத்தையும் பிரிக்க ரோஜர்ஸ் முன்வந்ததும் நன்றே. எனினும், இவற்றை நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடுதல் முறையன்று. பழுதுபார்ப்போர்க்கு முதன்மை வலையமைப்பைச் சாராத தனிவழி, எந்தக் கட்டளையும் முதலில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே செயற்படும் கட்டுப்பாடு, மையம் செயலிழந்தால் கோபுரங்கள் தாமே அடங்கி அவசர அழைப்பைப் பிறரிடம் செல்லவிடும் ஏற்பாடு ஆகியவை சேவை உரிமம் பெறுவதற்கான நிபந்தனைகளாகச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். வலையமைப்புகள் நிரலுக்குள் குடியேறிக்கொண்டிருக்கும் இக்காலத்திலேயே ஒழுங்குமுறை ஆணையங்கள் இதனைச் செய்தாக வேண்டும்.