புது ஆளுக்குக் கத்துக்குடுத்தோமா?

"ஆளே கிடைக்கலை, வர்றவங்களுக்கும் வேலை தெரியலை." மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியக்காலையில் இதைக் கேட்காத நாளில்லை. நானும் சொன்னவன்தான்.

போன வருஷம் என் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்க ஒரு அக்கா வந்தாங்க. அதுவரை துணிக்கடையில் வேலை பார்த்தவங்க. "வெள்ளை மொட்டா எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணி பாய்ச்சப் போய்விட்டேன். சாயங்காலம் விரியப்போகும் மொட்டு, நாளைக்கு எடுக்க வேண்டிய பச்சை மொட்டு, நேற்றே விரிந்த பூ எல்லாம் ஒரே பையில். கடையில் விலையைக் குறைத்தார்கள். கோபம் அந்த அக்கா மேல் வந்தது; தப்பு என்னுடையது.

மறுநாள் கூடவே நின்று எடுத்தேன். கைக்குப் பிடிபட மூணு நாள் ஆச்சு. மூணு நாளும் நாள்கூலி. கற்கும்போதே எடைக்குக் கூலி என்றால் எந்தக் கையும் பச்சையையும் சேர்த்துத்தான் பறிக்கும்.

ரசாயனத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போய்விடலாம். நமக்கு அப்படியா? அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் புழு, வண்டு மாதிரியே இருக்காது. சொல்லித்தராமல், அதை நசுக்கியவரைத் திட்டி என்ன பயன்?

இப்போ புதுசா வந்த ரெண்டு பேருக்கு அந்த அக்காதான் சொல்லித்தர்றாங்க. அதற்காக நாளைக்கு அம்பது ரூபாய் கூட்டிக் கொடுக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரருக்குத்தான் என்மேல் வருத்தம்: "கூலியை ஏத்திவிடுறீங்களே அண்ணே!"