லூகாவை விற்ற மேனேஜர் ஏன் வேலையை இழந்தார்? டல்லாஸின் கணக்கு தப்பிய இடம்

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை. போனை எடுத்த இந்திய என்பிஏ ரசிகர்கள் பலருக்கும் முதலில் வந்த சந்தேகம் ஒன்றுதான்: செய்தியாளர் ஷம்ஸ் சரானியாவின் எக்ஸ் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்களா? டல்லாஸ் மேவரிக்ஸ் அணி லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்று அவர் எழுதியிருந்தார். நிஜம்தான் என்று இன்னொரு பதிவு போட்டு அவரே உறுதி செய்ய வேண்டியிருந்தது.

ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 11 அன்று, அந்த டீலைச் செய்த ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனை டல்லாஸ் நீக்கியது. சீசனின் முதல் 11 ஆட்டங்களில் அணி மூன்றில்தான் ஜெயித்திருந்தது.

ரசிகர்கள் கத்தினார்கள், அதனால் தூக்கிவிட்டார்கள் என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. விற்றதற்கான காரணங்களில் கொஞ்சம் நியாயம் இருந்தது. விற்ற விதத்தில் அதுகூட இல்லை.

யார் எங்கே போனார்கள்?

லேக்கர்ஸுக்கு லூகா, மேக்ஸி கிளீபர், மார்கீஃப் மோரிஸ். டல்லாஸுக்கு ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029 முதல் சுற்று டிராஃப்ட் பிக். இடையில் யூட்டா ஜாஸும் சின்ன பங்கோடு சேர்ந்துகொண்டது.

அப்போது லூகாவுக்கு வயது 25, டேவிஸுக்கு 31. அதற்குள் லூகா ஐந்து முறை ஆல்-என்பிஏ முதல் அணியில் இடம்பிடித்திருந்தார். 2023-24 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளிகள், லீக்கிலேயே அதிகம். அந்த ஆண்டு டல்லாஸை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவரை ஏன் விற்க வேண்டும்?

காரணம் 1: பணம். எட்டு, ஒன்பது வருட அனுபவமுள்ள வீரர் சாதாரணமாக அணியின் சம்பள வரம்பில் 30 சதவீதம் வரை வாங்கலாம். ஆல்-என்பிஏ போன்ற கௌரவம் இருந்து, ஆரம்பத்திலிருந்து ஒரே அணியில் இருந்தால் 35 சதவீதம். இதுதான் 'சூப்பர்மேக்ஸ்'. லூகாவுக்கு அது ஐந்து வருடத்துக்கு சுமார் 34.5 கோடி டாலர். நம் கணக்கில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய்.

2023-ல் வந்த புதிய ஒப்பந்தத்தில் 'செகண்ட் ஏப்ரன்' என்று ஒரு மேல்கோடு உண்டு. 2025-26 சீசனில் அது சுமார் 20.8 கோடி டாலர். அதைத் தாண்டினால் வரி மட்டுமில்லை, கையையும் கட்டிவிடுவார்கள்: இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, டிரேடில் பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது. 2024-ல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த வருடமே ஜூரு ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் இருவரையும் அனுப்பியதற்கு இந்தக் கோடும் முக்கியக் காரணம். ஆக, ஒரே ஆளுக்கு 35 சதவீதம் கொடுப்பதற்கு எந்த மேனேஜரும் யோசிக்கத்தான் செய்வார்.

காரணம் 2: உடம்பும் தடுப்பாட்டமும். டிரேட் நடந்தபோது லூகா கிறிஸ்துமஸிலிருந்தே காலில் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார். கோப்பையை ஜெயிக்க வைப்பது தடுப்பாட்டம்தான் என்பது ஹாரிசன் வெளிப்படையாகச் சொன்ன வாதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சூப்பர்மேக்ஸ் விதியே ஸ்டார்கள் தாய் அணியை விட்டுப் போகாமல் இருக்கக் கொண்டுவரப்பட்டது. இங்கே ஸ்டார் போகவில்லை, அணிதான் அனுப்பியது. அணி மாறியதும் அந்தத் தகுதியும் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் லேக்கர்ஸோடு அவர் போட்டது மூன்று வருடம், 16.5 கோடி டாலர். வருடத்துக்கு 69-க்குப் பதில் 55 மில்லியன். (2028-ல் பத்து வருட அனுபவம் சேர்ந்ததும் 35 சதவீதத்துக்கு அவர் மறுபடி தகுதி பெறலாம்.)

விலை சரியா?

என் பார்வையில் டல்லாஸின் வாதம் உடைவது இங்கேதான். வேறு வீரர்களுக்குக் கிடைத்த முதல் சுற்று பிக்குகளைப் பாருங்கள்:

ரூடி கோபேர், 2022: 4
மிகால் பிரிட்ஜஸ், 2024: 5
டெஸ்மண்ட் பேன், 2025: 4
லூகா டான்சிச், 2025: 1

பிரிட்ஜஸும் பேனும் ஒரு முறைகூட ஆல்-ஸ்டார் ஆனதில்லை. லூகாவுக்குப் பதில் டேவிஸ் என்ற பெரிய வீரர் வந்தாரே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் காய வரலாறு உள்ள 31 வயது வீரர், ஆறு வயது இளையவருக்கும் மூன்று பிக்குகளுக்கும் ஈடாகிவிடுவாரா?

இவ்வளவு குறைவாகக் கிடைத்ததற்குக் காரணம் ரகசியம். ஹாரிசன் பேசியது லேக்கர்ஸின் ராப் பெலிங்காவோடு மட்டும்தான். கோபி பிரயன்ட் காலத்திலிருந்தே இருவருக்கும் பழக்கம். விஷயம் கசிந்தால் ரசிகர்கள் கொந்தளிப்பார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் பத்து பேரிடம் விலை கேட்காமல் வீட்டை ஒரே நண்பருக்கு விற்றால், சந்தை விலை எப்படித் தெரியும்?

ஐபிஎல்லில் டிரேடுக்கு வீரரின் சம்மதம் வேண்டும். என்பிஏவில் டிரேடைத் தடுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் ஒழிய அது தேவையில்லை. லூகாவுக்கு அந்த உரிமை இல்லை. வீரரையும் கேட்கவில்லை, சந்தையையும் கேட்கவில்லை என்றால், தப்பைத் தடுக்க யாருமே மிச்சம் இல்லை.

பிறகு என்ன ஆனது?

டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸுக்குக் காயம். அந்த சீசனில் அவர் ஆடியது மொத்தம் 9 ஆட்டம். மார்ச்சில் கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஏப்ரல் 9 அன்று லேக்கர்ஸ் உடையில் டல்லாஸுக்கு வந்த லூகா 45 புள்ளிகள் அடித்தார். 39-43 என்ற கணக்கோடு டல்லாஸ் பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது.

பிறகு அதிர்ஷ்டம் அடித்தது. வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் டிராஃப்ட் லாட்டரியை ஜெயித்து, கூப்பர் ஃபிளாக்கை எடுத்தார்கள். அதை வைத்து டிரேடை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நூறு தடவை நடந்தால் 98 தடவை கிடைக்காத பரிசை ஒரு முடிவின் மார்க்கில் சேர்க்கக் கூடாது.

ஹாரிசனுக்குப் பிறகு கவனிக்க வேண்டியிருந்தது

2026-க்குப் பிறகு 2030 வரை தன் முதல் சுற்று பிக் எதுவும் டல்லாஸின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. எல்லாம் பழைய டிரேடுகளில் போயின. ஃபிளாக்கைச் சுற்றி அணி கட்ட வேண்டுமென்றால், ஹாரிசன் நீக்கப்பட்ட நேரத்தில் விற்று விலை கேட்கக்கூடிய பெரிய பெயராக இருந்தவர் டேவிஸ்தான். 2025-26 சீசனிலும் காலில் காயம்பட்ட அவரை, அப்போது இடைக்காலப் பொறுப்பில் இருந்த மைக்கேல் ஃபின்லியும் மேட் ரிக்கார்டியும் விற்பார்களா என்பது ஒரு கேள்வியாக இருந்தது. விற்பதென்றால், அந்த முறை மற்ற 29 அணிகளுக்கும் போன் போடுவார்களா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது.